எவ்வளவு இறங்கினால் தாங்குவீர்கள்? புதிதாக முதலீடு தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதலீட்டைப் பற்றிக் கேட்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் "எதில் போட்டால் நல்லா வரும்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் பதிலுக்கு இரண்டு கேள்விகள் கேட்பேன். அந்தப் பணம் உங்களுக்கு எந்த வருடம் வேண்டும்? நடுவில் ஒருநாள் அது பாதியாகத் தெரிந்தால் என்ன செய்வீர்கள்? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால், எந்த ஃபண்ட், எந்த வங்கி என்பதெல்லாம் ஒரு மாலை நேரத்து வேலை. பதில் இல்லாமல் நல்ல ஃபண்டைத் தேடிப் பிடித்தாலும் பாதி வழியில் இறங்கிவிடுவோம்.

கணக்கு கண்முன் நிற்பதற்காக, மதுரையில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவருக்கு 35 வயது, தனியார் கம்பெனி வேலை. மனைவிக்கு 33, வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறார். ஆறு வயதில் ஒரு மகள். இருவருக்கும் சேர்த்து மாதம் 90,000 ரூபாய் கைக்கு வருகிறது. வாடகையோடு சேர்த்து 55,000 செலவாகிறது. சேமிப்புக் கணக்கில் 10 லட்சம் இருக்கிறது, கணவரின் பிஎஃப்பில் 3.3 லட்சம் சேர்ந்திருக்கிறது. மூன்று வருடத்தில் ஒரு மனை வாங்க வேண்டும், பன்னிரண்டு வருடத்தில் மகளின் கல்லூரி வரும், அப்புறம் ஓய்வுக்காலம்.

முதல் படி: தொடக்கூடாத பணத்தை ஒதுக்குங்கள்

2020 ஜனவரி 14 அன்று, ஐம்பது பெரிய இந்தியக் கம்பெனி ஷேர்களின் குறியீடான நிஃப்டி 12,362 புள்ளிகளில் முடிந்தது. மார்ச் 23 அன்று 7,610. பத்து வாரத்தில் 38 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. என் அத்தை மகன் ஒருவன் கையில் இருந்த சேமிப்பு முழுவதையும், பலரின் பணத்தைச் சேர்த்து ஷேர் வாங்கும் ஷேர் ஃபண்டுகளில் வைத்திருந்தான். அவன் பயப்படவில்லை. சந்தை திரும்பி வரும் என்று எனக்கே தைரியம் சொன்னான். ஆனால் ஏப்ரலில் அவனுக்குப் பாதிச் சம்பளம்தான் வந்தது. வாடகை இருந்தது, அப்பாவின் மருந்துச் செலவு இருந்தது. வேறு வழியில்லாமல் அடிமட்டத்தில் விற்றான். அந்த நவம்பருக்குள் நிஃப்டி பழைய உயரத்தைத் தாண்டிவிட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு கனக்கும்.

சந்தை விழுவதும் வேலை போவதும் பெரும்பாலும் ஒரே காரணத்தால், ஒரே நேரத்தில் வரும். அதனால்தான் அவசரப் பணத்தை முதலில் தனியாக எடுத்து வைக்கச் சொல்கிறேன். மாதச் சம்பளக்காரர்களுக்கு ஆறு மாதச் செலவு போதும். சொந்தக் கடை, கமிஷன் தொழில் என்றால் ஒன்பது மாதமோ ஒரு வருடமோ வேண்டும். நம் மதுரைக் குடும்பத்துக்கு மாதம் 55,000 வீதம் 3.3 லட்சம். அதில் 50,000 சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். மிச்சத்தை ஒரே எஃப்டியாகப் போடாமல் மூன்றாகப் பிரித்துப் போடுங்கள். அவசரத்துக்கு ஒன்றை உடைத்தால் மற்ற இரண்டின் வட்டி கெடாது.

வங்கி டெபாசிட்டுக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி வரை இது 1 லட்சமாக இருந்தது. கூட்டுறவு வங்கிகளுக்கும் இந்தக் காப்பீடு பொருந்தும். ஆனால் ஃபைனான்ஸ் கம்பெனி டெபாசிட்டுக்கு இது கிடையாது. எங்கள் ஊர்ப் பக்கம் "அதுவும் எஃப்டிதானே" என்று பலர் நினைக்கிறார்கள்.

குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடும், சம்பாதிப்பவருக்கு டேர்ம் இன்ஷூரன்ஸும் (அவர் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு) இல்லையென்றால் முதலீட்டை ஒரு மாதம் தள்ளி வைத்துவிட்டு அவற்றை முடியுங்கள். கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் அதையும் அடைத்துவிடுங்கள். அதன் வட்டியைத் தாண்டி வருமானம் தரும் முதலீடு எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டாம் படி: ஒவ்வொரு பணத்துக்கும் ஒரு தேதி எழுதுங்கள்

ஐந்து வருடத்துக்குள் தேவைப்படும் பணம் ஷேர் சந்தைப் பக்கமே போகக்கூடாது. இதில் நான் யாருக்கும் சலுகை கொடுப்பதில்லை. மும்பைப் பங்குச் சந்தையின் குறியீடான சென்செக்ஸ் 2008 ஜனவரி 8 அன்று 20,873ல் முடிந்தது. 2009 மார்ச் 9 அன்று 8,160. அறுபது சதவீதத்துக்கு மேல் இறக்கம். 2010 தீபாவளி நேரத்தில் பழைய உயரத்தை ஒருமுறை தொட்டுவிட்டு மறுபடி சரிந்தது. அதைத் தாண்டி நிலைக்க 2013 கடைசி வரை ஆனது. 2008 தொடக்கத்தில் மொத்தமாகப் போட்டவர் ஆறு வருடம் போல அசலுக்காகவே காத்திருந்தார். மூன்று வருடத்தில் பத்திரப் பதிவு என்றிருப்பவரால் அப்படிக் காத்திருக்க முடியாது.

ஆகவே மனைக்காக 4 லட்சத்தை எஃப்டியிலும், மாதம் 15,000 ரூபாயை ஆர்டியிலும் போட்டுவிடலாம். வட்டி குறைவாகத்தான் இருக்கும், இருக்கட்டும். இந்தப் பணம் அந்தத் தேதியில் முழுசாக இருந்தால் போதும்.

மீதம் 2.7 லட்சம் கையில் இருக்கிறது. மாதம் 20,000 மிச்சமாகிறது. நீண்டகாலத் தொகுப்பு என்று இனி நான் சொல்வது இந்தப் பணத்தைத்தான். பிஎஃப்பையும் பின்னால் இதோடு சேர்ப்போம்.

மூன்றாம் படி: பயத்தை ரூபாயில் அளந்து பாருங்கள்

"எனக்கு ரிஸ்க் பிரச்சினை இல்லை" என்று சந்தை ஏறும்போது எல்லோரும் சொல்வார்கள். சதவீதத்தில் கேட்டால் 30 என்பது வெறும் எண்ணாகத் தெரியும். அதையே ரூபாயில் கேட்டுப் பாருங்கள். ஆறு லட்சம் இருந்த இடத்தில் 4.2 லட்சம் காட்டுகிறது. இரண்டு மாதச் சம்பளம் காணாமல் போனது போல இருக்கும். அன்றிரவு தூக்கம் வருமா?

கணவனும் மனைவியும் தனித்தனித் தாளில் ஓர் எண்ணை எழுதுங்கள்: மொத்தத் தொகுப்பு எத்தனை ரூபாய் இறங்கும் வரை நான் எதையும் விற்க மாட்டேன்? பேசிவிட்டு எழுதக்கூடாது. எழுதிவிட்டுப் பேசுங்கள். இருவரின் எண்ணும் பொருந்தி நான் பார்த்ததே இல்லை. சின்ன எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் தாங்கும் இறக்கத்தைக் குடும்பம் தாங்காது. மற்றவர் கேட்கும் தினசரிக் கேள்வியிலேயே விற்க வேண்டிவரும்.

அந்த எண்ணிலிருந்து ஷேருக்கு ஒதுக்கும் பங்கு எவ்வளவு என்று கண்டுபிடிக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. ஷேரில் இருக்கும் பணம் ஒருகட்டத்தில் பாதியாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2008ல் பாதிக்கும் மேலேயே போனது, அதனால் இது மிகைப்படுத்தல் இல்லை. தாங்கக்கூடிய இறக்கத்தை இரண்டால் பெருக்குங்கள். மொத்தத்தில் 20 சதவீதம் இறங்கினால் தாங்குவோம் என்றால் ஷேரில் 40 சதவீதம் வைக்கலாம். 30 சதவீதம் தாங்கும் என்றால் 60 வைக்கலாம்.

நூறிலிருந்து வயதைக் கழித்தால் வருவதுதான் ஷேர் பங்கு என்று ஒரு வாய்ப்பாடு ஊரெல்லாம் சுற்றுகிறது. 35 வயதுக்காரருக்கு 65 என்று வரும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அரசுப் பள்ளி ஆசிரியருக்கும் திருப்பூரில் ஆர்டரை நம்பி யூனிட் நடத்துபவருக்கும் ஒரே வயது இருக்கலாம், ஆனால் மாத வருமானத்தின் உறுதி ஒன்றில்லை. வருமானம் ஆடினால் முதலீடு கொஞ்சம் நிலையாக இருக்க வேண்டும். அதோடு, ஒரு பெரிய இறக்கத்தைக்கூட அனுபவிக்காதவர் தன் தைரியத்தைப் பற்றி எழுதும் எண் வெறும் ஊகம்தான். முதல் முறை என்றால் 40 சதவீதத்தில் ஆரம்பியுங்கள். ஓர் இறக்கத்தை விற்காமல் கடந்துவிட்டால் அப்புறம் கூட்டிக்கொள்ளலாம்.

சரி, பயமாக இருக்கிறதே, முழுவதையும் எஃப்டியிலேயே வைத்துவிட்டால் என்ன? அதிலும் ரிஸ்க் இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. 7 சதவீத வட்டியில் 20 சதவீதம் வரி போனால் கைக்கு 5.6தான் வரும். விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் பன்னிரண்டு வருடத்தில் ரூபாயின் வாங்கும் சக்தி பாதியாகிவிடும். பாஸ்புக்கில் எண் ஏறிக்கொண்டே இருக்கும், மகளின் கல்லூரிக் கட்டணம் அதைவிட வேகமாக ஓடிவிடும். ஷேரின் நஷ்டம் ஒரே நாளில் முகத்தில் அறைகிறது. எஃப்டியின் நஷ்டம் பன்னிரண்டு வருடம் கழித்துத்தான் தெரிய வருகிறது.

அதேபோல, காத்திருந்தால் ஷேர் கண்டிப்பாக ஏறும் என்பதும் இயற்கை விதி இல்லை. ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் கடைசியில் 38,915ல் இருந்தது. அந்த உயரத்தைத் தாண்டியது 2024 பிப்ரவரியில். முப்பத்து நான்கு வருடம். இந்தியாவில் அப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. நடந்தாலும் குடும்பம் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள் என்கிறேன்.

நான்காம் படி: ஒன்றாக விழாதவற்றைச் சேருங்கள்

மானாவாரி நிலத்தில் நிலக்கடலைக்கு நடுவே துவரையை ஊடுபயிராகப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். மழை நன்றாகப் பெய்தால் கடலை கொடுக்கும். மழை பொய்த்தாலும் துவரை வேர் ஆழமாகப் போயிருப்பதால் கொஞ்சமாவது வீட்டுக்கு வரும். இரண்டும் ஒரே காரணத்தால் ஒரே நேரத்தில் கெடாது, அவ்வளவுதான் சூட்சுமம். ஹாரி மார்க்கோவிட்ஸ் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1952ல் இதைக் கணிதமாக எழுதினார்: தனித்தனியாக ஒவ்வொன்றும் எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்தால் போதாது, ஒன்றோடொன்று சேர்ந்து ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். 1990ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதை வைத்துப் பார்த்தால் ஒரு பொதுவான தவறு புரியும். "நான் அஞ்சு ஃபண்டில் பிரித்துப் போட்டிருக்கேன்" என்பார்கள். ஐந்தும் பெரிய கம்பெனிகளின் ஷேர் ஃபண்டுகள். உள்ளே திறந்து பார்த்தால் அதே எச்டிஎஃப்சி வங்கி, அதே ஐசிஐசிஐ வங்கி, அதே ரிலையன்ஸ், அதே இன்ஃபோசிஸ். இது ஐந்து வரப்பில் ஒரே கடலையை விதைத்தது போல. 2020 மார்ச்சில் ஐந்தும் சேர்ந்தே விழுந்தன.

தனிக் கம்பெனி ஷேரில் ஆபத்து இதைவிடக் கூர்மையானது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் என்ற ஐடி நிறுவனத்தின் தலைவர் கணக்கில் மோசடி செய்ததை ஒப்புக்கொண்டார். அன்று ஒரே நாளில் அந்த ஷேர் முக்கால் பங்குக்கும் மேல் மதிப்பை இழந்தது. அங்கே வேலை பார்த்துக்கொண்டு சேமிப்பையும் அதே ஷேரில் வைத்திருந்தவர்களுக்கு வேலையும் சேமிப்பும் ஒன்றாக ஆடின. உங்கள் கம்பெனி உங்களுக்கு ஷேர் கொடுத்திருந்தால், விற்க அனுமதி வந்ததும் பெரும்பகுதியை விற்று வேறிடத்தில் வையுங்கள். ஐடி வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். சம்பளமே அந்தக் கம்பெனியிடம் இருந்துதான் வருகிறது.

தங்கம் ஷேரோடு சேர்ந்து விழுவது குறைவு, அதற்காகத் தொகுப்பில் ஐந்து முதல் பத்து சதவீதம் வரை வைக்கலாம். ஆனால் தங்கம் இறங்கவே இறங்காது என்று நம்பாதீர்கள். 2012ல் பத்து கிராம் சுமார் 31,000 ரூபாய். ஆறு வருடம் கழித்து 2018லும் ஏறக்குறைய அதே விலைதான். வீட்டில் இருக்கும் நகையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். செய்கூலி, சேதாரம் போக அதை விற்கும் மனசு நமக்கு வருவதும் இல்லை. முதலீட்டுக்கு என்றால், தங்க விலையோடு ஏறி இறங்கும் கோல்டு இடிஎஃப் அல்லது கோல்டு ஃபண்ட் போதும்.

இப்போது மதுரைக் குடும்பத்துக்கு வருவோம். மனைவி எழுதிய எண் 1.2 லட்சம், கணவர் எழுதியது 2 லட்சம். சின்னதை எடுத்துக்கொண்டோம். நீண்டகாலப் பணம் 2.7 லட்சம்தானா என்றால் இல்லை, பிஎஃப்பில் 3.3 லட்சம் இருக்கிறதே. அதுவும் ஓய்வுக்காலப் பணம்தான், வட்டி நிலையாக வருகிறது. பெரும்பாலோர் அதை மறந்துவிட்டுக் கையில் இருப்பதில் மறுபடி பாதியை எஃப்டிக்கு ஒதுக்குகிறார்கள். சேர்த்தால் மொத்தம் 6 லட்சம். 1.2 லட்சம் என்பது அதில் 20 சதவீதம். ஷேரில் 40 சதவீதம், அதாவது 2.4 லட்சம். தங்கத்தில் 30,000. நிலையான பங்கு முழுவதும் பிஎஃப்பிலேயே முடிந்துவிட்டது.

மாதப் பணம் 20,000. இதோடு பிஎஃப்புக்கு மாதம் 6,000 போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 26,000. ஷேர் ஃபண்டுக்கு 10,000, தங்கத்துக்கு 1,000. மீதம் 9,000ல் மகள் பெயரில் செல்வமகள் சேமிப்புத் திட்டத்துக்கு 5,000, பிபிஎஃப்புக்கு (அரசின் பொது வருங்கால வைப்பு நிதி) 4,000. செல்வமகள் கணக்கைப் பத்து வயதுக்குள் தொடங்கிவிட வேண்டும். 2024 ஜனவரியில் அதன் வட்டியை 8.2 சதவீதமாக உயர்த்தினார்கள். மகளுக்கு 18 ஆனதும் படிப்புக்காகப் பாதி வரை எடுக்கலாம். பிபிஎஃப் வட்டி 2020 ஏப்ரலில் 7.1க்கு வந்தது, காலம் 15 வருடம். வட்டிக்கு வரி இல்லை என்பதால் எஃப்டியோடு ஒப்பிடும்போது உண்மையான லாபம் கூடுதல். இந்த வட்டிகளை அரசு ஒவ்வொரு காலாண்டும் அறிவிக்கிறது, தொடங்கும் அன்று அஞ்சலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: எதை வாங்குவது

இது சின்னப் படி. ஷேர் பங்குக்கு, நிஃப்டி குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஒரு நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட் ஆரம்பத்துக்குப் போதும். ஐம்பது பெரிய கம்பெனிகள் உள்ளே வந்துவிடுகின்றன. 2.4 லட்சத்தை ஒரே நாளில் போட மனசு வராவிட்டால் மாதம் 30,000 வீதம் எட்டு மாதத்தில் போடுங்கள்.

டைரக்ட் பிளான், ரெகுலர் பிளான் என்று இரண்டு இருக்கும். ரெகுலரில் விற்பவருக்கான கமிஷன் வருடா வருடம் உங்கள் பணத்திலிருந்து போகும். 1 லட்சம் ரூபாய் 25 வருடத்தில் வருடம் 11 சதவீதம் வளர்ந்தால் சுமார் 13.6 லட்சம் ஆகும், 10 சதவீதம் வளர்ந்தால் 10.8 லட்சம்தான். ஒரு சதவீதச் செலவு இவ்வளவு தின்னும். ரிஸ்க் எடுப்பதற்குக் கூலி கிடைக்குமா என்பது நம் கையில் இல்லை, செலவைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது.

ஃபண்டின் விவரத்தாளில் ரிஸ்கோமீட்டர் என்ற, முள் வைத்த அரைவட்டம் இருக்கும். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் விதிப்படி ஆறு நிலைகள், குறைவிலிருந்து மிக அதிகம் வரை. ஷேர் ஃபண்டுகள் பெரும்பாலும் கடைசி நிலையில்தான் நிற்கும். அதைப் பார்த்து மிரள வேண்டாம். ஆனால் கடன் பத்திர ஃபண்ட் என்று சொல்லி விற்கும் ஒன்றில் முள் வலது பக்கம் இருந்தால் அதை விட்டு விலகுங்கள்.

யாராவது மாதம் 2 சதவீதம் நிச்சயம் என்றால், அது வருடம் 24 சதவீதம். அரசே 7, 8 தரும் நாட்டில் மீதிப் பதினாறு எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். 2012ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகளில் பணம் போட்டு ஏமாந்த குடும்பங்கள் பட்ட பாடு கொங்கு மண்டலத்தில் இன்னும் மறக்கவில்லை. உறுதியும் அதிக லாபமும் ஒன்றாக வருகிறது என்று சொல்பவர் அந்த ரிஸ்க்கை உங்களிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறார்.

ஆறாம் படி: வருடம் ஒருமுறை விகிதத்தைச் சரிசெய்யுங்கள்

பங்கு பிரிப்பதைவிடக் கடினமானது அந்தப் பிரிவினையைக் காப்பாற்றுவது. ஒரு கணக்கு போடுவோம். 10 லட்சம், பாதிக்குப் பாதி. ஷேர் 40 சதவீதம் இறங்கி 5 லட்சம் 3 லட்சமாகிறது. எஃப்டி 7 சதவீத வட்டியோடு 5.35 லட்சம். மொத்தம் 8.35. மறுபடி பாதிக்குப் பாதி ஆக்க, எஃப்டியிலிருந்து 1.175 லட்சத்தை ஷேருக்கு மாற்ற வேண்டும். எல்லோரும் ஓடும் நேரத்தில் வாங்கச் சொல்கிறது கணக்கு, கை நடுங்கும். பிறகு ஷேர் பழைய உயரத்துக்கு வந்தால், மாற்றியவரிடம் சுமார் 11.13 லட்சம் இருக்கும். மாற்றாமல் விட்டவரிடம் 10.35. இடைக்கால வட்டியை நான் சேர்க்கவில்லை, சேர்த்தாலும் வித்தியாசம் பெரிதாகவே நிற்கும். ஷேர் நன்றாக ஏறிய வருடத்தில் இதே விதி விற்கச் சொல்லும். அதுவும் வலிக்கும்.

மகளின் பிறந்தநாள் மாதிரி மறக்காத ஒரு தேதியை வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் ஐந்து சதவீதப் புள்ளிக்கு மேல் நகர்ந்திருந்தால் மட்டும் சரிசெய்யுங்கள். முதலில் மாதப் பணத்தைக் குறைந்துபோன பக்கம் திருப்பிவிட்டுச் சரிசெய்யப் பாருங்கள். பிஎஃப்பையும் செல்வமகளையும் நினைத்தபடி உடைக்க முடியாது என்பதால் இந்தக் குடும்பத்துக்கு முக்கிய வழியே அதுதான். விற்றால் வரி வரும். 2024 ஜூலை 23க்குப் பிறகு, ஒரு வருடத்துக்கு மேல் வைத்த ஷேர் ஃபண்டின் லாபத்தில் ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். ஒரு வருடத்துக்குள் விற்றால் 20.

அந்தத் தேதியில் தாளை மறுபடி எடுத்து எண்ணையும் புதிதாக எழுதுங்கள். மாதம் 20,000 என்றால் பத்து வருடத்தில் போட்ட பணமே 24 லட்சம். அதே 20 சதவீத இறக்கம் அப்போது 4.8 லட்சம் ரூபாயாக இருக்கும். 1.2 லட்சத்தைத் தாங்கியவர் அதைத் தாங்குவாரா என்று அப்போதுதான் தெரியும்.

மகளின் பதினான்காவது வயதிலிருந்து, கல்லூரிக்கென்று ஷேரில் நினைத்து வைத்த பகுதியை வருடம் கால்வாசி வீதம் எஃப்டிக்கு நகர்த்துங்கள். கல்லூரி சேரும் ஜூன் மாதத்தில் சந்தை எங்கே இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, கட்டணம் கட்ட வேண்டிய தேதி மட்டும் இப்போதே தெரியும்.

கடைசியாக, ஒவ்வொரு கணக்கிலும் நாமினி பெயர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். என்னென்ன, எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு பக்கத்தில் எழுதி, இருவர் எழுதிய எண் தாளையும் அதோடு பின் போட்டு, பத்திரங்கள் இருக்கும் பையிலேயே வையுங்கள்.